பிஸ்டன் தானாக இறங்கினால் போதுமா?

எஞ்சின் ஓவர்ஹால் பற்றி வந்து குவிந்திருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, அதை எப்படிப் பார்ப்பது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே. ஏர்கான், பேட்டரி பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (செந்தூல் வாசகர்): அண்ணே, என்னுடையது பழைய புரோட்டோன் வீரா 1.5. எண்ணெய் குடித்துப் புகை விட்டதால் எஞ்சினைப் பிரித்து, பிளாக்கை மெஷின் ஷாப்பில் கொடுத்து 0.50 ஓவர்சைஸுக்கு ரீபோர் செய்து (தேய்ந்த சிலிண்டர் துளையை 0.50 மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து) வாங்கிவிட்டோம். ஃபோர்மேன் ரிங் (பிஸ்டனைச் சுற்றி உட்காரும் வளையம்) போடாத பிஸ்டனில் எண்ணெய் தடவிப் போருக்குள், அதாவது அந்தத் துளைக்குள், விட்டுக் காட்டினார். மெதுவாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. "பாத்தீங்களா, கிளியரன்ஸ் கச்சிதம்" என்கிறார். இது போதுமா? என்னிடம் ஒரு வெர்னியர் இருக்கிறது, அதை வைத்து நானே சரிபார்க்கலாமா?

பதில்: போதாது தம்பி. வெர்னியரும் வேண்டாம்.

உங்கள் வண்டியில் இருப்பது மிட்சுபிஷியின் 4ஜி15 எஞ்சின். அதன் போர் 75.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) 82. 0.50 ஓவர்சைஸ் என்றால் போர் இப்போது 76 மில்லிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும். இந்தக் குடும்பத்து எஞ்சின்களுக்கு மிட்சுபிஷி மேனுவல் கேட்கும் இடைவெளி 0.02 முதல் 0.04 மில்லிமீட்டர். மொத்த விளையாட்டே அந்த 0.02 மில்லிமீட்டருக்குள்தான் நடக்கிறது. உங்கள் வெர்னியரில் ஒரு கோடே 0.02 அல்லது 0.05 ஆக இருக்கும், அதை எப்படி நம்புவது? பிஸ்டனை விட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். எண்ணெய் தடவிய பிஸ்டன் 0.03 இடைவெளியிலும் மெதுவாக இறங்கும், 0.06 இடைவெளியிலும் மெதுவாகவே இறங்கும், கைக்கு வித்தியாசம் தெரியாது. போதாததற்குப் போர் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருந்தால் அதையும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது.

வேண்டியது இரண்டு கருவி. 75–100 அளவு வெளி மைக்ரோமீட்டர் ஒன்று (50–75 உங்களுக்கு எட்டாது), துளையின் உள்விட்டத்தை அளக்கும் டயல் போர் கேஜ் ஒன்று. வாங்கத் தேவையில்லை, ரீபோர் செய்த கடையிலேயே இருக்கும். "எனக்கு முன்னாடி ஒரு தடவை அளந்து காட்டுங்க" என்று கேளுங்கள். ஒழுங்கான கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் அதுவே ஒரு பதில்.

முதலில் பிஸ்டன். பிஸ்டன் உருண்டையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் அளப்பவர்கள் நிறைய. அது உருண்டை இல்லை. கட்ஜன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ஊசி) போகும் திசையில் குறுகலாகவும் அதற்குக் குறுக்கே அகலமாகவும் கடைந்திருப்பார்கள், ஏனென்றால் பின் உட்காரும் இடத்தில் உலோகம் தடிமன், சூடு ஏறும்போது அந்தப் பக்கம்தான் அதிகம் விரியும். தலைப்பகுதி நேராக நெருப்பைப் பார்க்கிறது, அதனால் அது ஸ்கர்ட்டைவிட (பிஸ்டனின் கீழ்ப் பக்கச் சுவர்) சின்னது. ஆக, அளக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: பின்னுக்கு நேர் குறுக்கே, ஸ்கர்ட்டில், மேனுவல் சொல்லும் உயரத்தில். பல ஜப்பானிய எஞ்சின்களில் அது ஸ்கர்ட்டின் கீழ் விளிம்பிலிருந்து 10 முதல் 20 மில்லிமீட்டர் மேலே வரும். தலைப்பகுதியில் அளந்துவிட்டு "அரை மில்லிமீட்டர் லூஸ்" என்று பதறி பிஸ்டனைத் திருப்பிக் கொடுக்க ஓடியவர்களும் உண்டு. ஸ்கர்ட்டில் கறுப்பாகக் கிராஃபைட் பூச்சு இருந்தால் அதன் கனமும் அளவில் சேர்ந்துகொள்ளும், பூச்சோடு அளப்பதா இல்லையா என்பதைப் பிஸ்டன் பெட்டியில் வரும் தாளில் பாருங்கள்.

நான்கு பிஸ்டனையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெட்டியில் வந்ததுதானே என்று ஒன்றை மட்டும் அளந்துவிட்டுப் போகாதீர்கள், ஒன்று 75.97, இன்னொன்று 75.98 என்று வருவது சாதாரணம். தலையில் மார்க்கரால் 1, 2, 3, 4 என்று எழுதுங்கள், எண் குத்தும் பஞ்ச் வைத்து அடிக்காதீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். போரை அளக்கும் கேஜை எதை வைத்து ஜீரோ செய்வது? பிஸ்டனை அளந்த அதே மைக்ரோமீட்டரை 76.00-இல் வைத்துப் பூட்டி, அதன் இரண்டு முகங்களுக்கு நடுவே போர் கேஜை வைத்து ஜீரோ செய்யுங்கள். நமக்குத் தேவை போரின் அளவோ பிஸ்டனின் அளவோ இல்லை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான். மைக்ரோமீட்டர் ஒரு நூறில் ஒன்று தப்பாகக் காட்டினாலும் அந்தத் தப்பு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விழுந்து கழிந்துபோகும். பிஸ்டனை ஒருவர் கருவியிலும் போரை இன்னொருவர் கருவியிலும் அளந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

கேஜைப் போருக்குள் இறக்கி முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டுங்கள். முள் ஒரு பக்கமாகப் போய், ஒரு புள்ளியில் நின்று, திரும்பும். அந்தத் திரும்பும் புள்ளிதான் உண்மையான விட்டம், அதாவது ஆட்டத்தில் வரும் மிகச் சிறிய அளவு. மேலே ஒரு இடம், நடுவில் ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொன்றிலும் கிராங்க் ஷாஃப்ட் போகும் திசையில் ஒரு தடவை, அதற்குக் குறுக்கே ஒரு தடவை. ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவு. புதிதாக ரீபோர் செய்த போரில் இந்த ஆறும் ஒன்றுக்கொன்று 0.01-க்குள் இருந்தால் வேலை சுத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் போடும்போது ஆறில் சின்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள், இறுக்கமான இடத்தில்தான் பிஸ்டன் முதலில் பிடிக்கும்.

இன்னொன்று கேட்க மறந்துவிட்டீர்கள். பிஸ்டனை வாங்கிக் கொடுத்துவிட்டு ரீபோர் செய்யச் சொன்னீர்களா, அல்லது "0.50 அடிங்க" என்று மட்டும் சொன்னீர்களா? பிஸ்டன் கையில் இல்லாமல் 76.00-க்குக் கடைந்துவிட்டு அப்புறம் பிஸ்டனைத் தேடுவது தலைகீழ் வேலை. மிட்சுபிஷி மேனுவலிலேயே கணக்கு இருக்கிறது: பிஸ்டன் அளவு, அதோடு வேண்டிய இடைவெளி, அதிலிருந்து ஹோனிங்குக்காக (கல் சுற்றிச் சுவரைத் தேய்த்து முடிக்கும் கடைசி வேலை) 0.02 கழித்தால் வருவதுதான் கடைய வேண்டிய அளவு. ஒவ்வொரு போரும் அதில் போகப்போகும் பிஸ்டனுக்காகக் கடையப்பட வேண்டும். அதே மேனுவல் 2, 4, 1, 3 என்ற வரிசையில் கடையச் சொல்கிறது, பக்கத்துப் பக்கத்துப் போரை அடுத்தடுத்துக் கடைந்தால் பிளாக் சூடேறி வடிவம் கெடும் என்பதால்.

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு): மெஷின் ஷாப்பில் 76.00 என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலையில் நண்பரின் போர் கேஜில் அளந்தால் 75.98 வருகிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, கேஜ் சரியில்லையா?

பதில்: இரண்டும் இல்லாமலும் இருக்கலாம். அவர் எப்போது அளந்தார் என்று கேளுங்கள். ஹோனிங் கல் சுற்றி முடித்த கையோடு அளந்திருந்தால் பிளாக் சூடாக இருந்திருக்கும். வார்ப்பிரும்பு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 11 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) விரியும். 76 மில்லிமீட்டர் போருக்குக் கணக்குப் போட்டால், 24 டிகிரி கூடுதல் சூட்டில் போர் 0.02 பெரிதாகக் காட்டும். நீங்கள் சொல்லும் வித்தியாசம் அப்படியே அதுதான். ஆனால் பயப்பட வேண்டியது இதில்தான் இருக்கிறது. சூட்டில் 0.03 இடைவெளி என்று நினைத்து நிறுத்தினால், ஆறிய பிறகு அங்கே இருப்பது 0.01. அதை ஓட்டினால் முதல் நீண்ட ஏற்றத்திலேயே ஸ்கர்ட் உரசிக் கோடு விழும். கெந்திங் வரைக்கும் போக வேண்டாம், ஆயர் ஈத்தாம் அணைக்கட்டு ஏற்றமே போதும்.

பிஸ்டன் பக்கம் இதைவிட மோசம். அலுமினியக் கலவை ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 20 மைக்ரான். நம் ஊரில் வழக்கமாக நடப்பது இது: பிஸ்டன் பெட்டி ஏர்கான் அறையில் 22 டிகிரியில் இருக்கும், பிளாக் வெளியே போர்ச்சில் 33 டிகிரியில் கிடக்கும். பெட்டியைத் திறந்த கையோடு பிஸ்டனை அளந்தால் 0.017 சின்னதாகக் காட்டும். உங்கள் மொத்த இடைவெளியில் பாதி அது! இடைவெளி தாராளமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பூட்டிவிடுவீர்கள்.

வைத்தியம் சுலபம். பிளாக், பிஸ்டன், மைக்ரோமீட்டர், கேஜ் எல்லாவற்றையும் ஒரே அறையில் ஓர் இரவு போட்டுவிடுங்கள், காலையில் அளங்கள். மைக்ரோமீட்டரின் வளைந்த சட்டத்தை வெறுங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருக்காதீர்கள், கைச்சூட்டிலேயே அது விரியும். உலகம் முழுக்க அளவுகளுக்கு வைத்திருக்கும் அடிப்படை வெப்பநிலை 20 டிகிரி. நம்முடைய 32 டிகிரியில் அளந்தால், எல்லாம் ஒரே சூட்டில் இருந்தாலும், பிஸ்டன் கூடுதலாக விரிவதால் இடைவெளி 0.008 குறைவாகத் தெரியும். அதாவது இங்கே 0.03 என்று வந்தால் மேனுவல் கணக்கில் அது 0.038. இதற்காகத் தூக்கம் கெட வேண்டாம், ஆனால் இங்கே 0.04 வந்து அதை எல்லைக்குள் என்று சொல்பவரிடம் இதை நினைவுபடுத்துங்கள்.

உங்கள் விஷயத்தில், எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து அளந்தும் 75.98 என்றே வந்தால், பிஸ்டனையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். ஹோனிங்கில் இன்னும் கொஞ்சம் எடுப்பது பெரிய வேலை இல்லை. பெரிதாகக் கடைந்துவிட்டால்தான் திரும்ப வழியில்லை.

கேள்வி (கெப்போங்): ரீபோர் செலவு தாங்காது சார். பழைய பிஸ்டனையே வைத்துக்கொண்டு ரிங் மட்டும் மாற்றலாமா? போரில் தேய்மானம் 0.10 என்கிறார் ஃபோர்மேன். போருக்கு மேலே விரல் வைத்தால் ஒரு விளிம்பு தட்டுகிறது.

பதில்: அந்த விளிம்புதான் உங்கள் போரின் ஜாதகம். பிஸ்டனின் மேல் ரிங் எட்டாத இடம் அது, தேயாமல் அப்படியே நிற்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, மேல் ரிங் நின்று திரும்பும் இடத்தில்தான் தேய்மானம் எப்போதும் அதிகம். ரிங் அங்கே ஒரு கணம் நிற்பதால் எண்ணெய்ப் படலம் அறுந்துபோகிறது, அதே நேரத்தில் வெடிப்பின் அழுத்தம் ரிங்கைப் பின்னாலிருந்து சுவரோடு நெருக்குகிறது. பழைய ரிங் அந்த விளிம்புக்குத் தக்கபடி ஓரம் தேய்ந்து ஒத்துப்போயிருக்கும். புது ரிங்கின் ஓரம் கூர்மை. விளிம்பை எடுக்காமல் அதைப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் போய் இடிக்கும், ரிங் உடையும், இல்லாவிட்டால் பிஸ்டனில் ரிங் உட்காரும் பள்ளத்தின் கரை உடையும்.

அடுத்தது ரிங் வாய் இடைவெளி, அதாவது ரிங்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி. போரின் விட்டம் 0.10 கூடினால் சுற்றளவு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல், 0.31 கூடும். அந்த 0.31 முழுவதும் ரிங்கின் வாயில் போய்ச் சேரும். கீழே தேயாத இடத்தில் 0.30 இருந்தால் மேலே 0.61. காற்று தப்பும், எண்ணெய் ஏறும். இன்னொரு ஆபத்து, மேலே தேய்ந்த இடத்தில் வைத்து அளந்து "சரியா இருக்கு" என்று பூட்டுவது. ரிங் கீழே இறங்கும்போது வாய் மூடி முட்டிக்கொள்ளும். தேய்ந்த போரில் ரிங் வாயை எப்போதும் கீழே, சின்ன இடத்தில்தான் அளக்க வேண்டும். ரிங்கைப் போருக்குள் வைத்து, பிஸ்டனைக் கவிழ்த்து அதன் தலையால் தள்ளினால் ரிங் சாயாமல் நேராக இறங்கும். அப்புறம் ஃபீலர் கேஜை (கனம் குறித்த மெல்லிய தகடு) நுழைத்துப் பாருங்கள். மேல் ரிங்குக்கு 25 மில்லிமீட்டர் போருக்கு 0.10 என்ற பழைய கணக்கு இன்றைக்கும் பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களுக்குப் பொருந்தும், அதற்கு மேல் மேனுவல் சொல்வதே சட்டம்.

சரி, உங்கள் 0.10 விஷயம். வண்டியை இன்னும் ஒரு வருடம் ஓட்டிவிட்டு விற்கப்போகிறீர்கள், விளிம்பை எடுத்து லேசாக ஹோன் செய்து ரிங் போடுகிறீர்கள் என்றால் செய்யுங்கள், புகை குறையும், நிற்காது. வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால் இப்போதே ரீபோர் செய்யுங்கள். கேஸ்கெட் செட், எண்ணெய், பிரித்துப் பூட்டும் கூலி எல்லாம் இரண்டு தடவை கொடுப்பதைவிட அது மலிவு.

கேள்வி (பட்டர்வொர்த்): ஓவர்ஹால் முடிந்து வந்த வண்டி காலையில் ஸ்டார்ட் செய்தால் "டக் டக்" என்று தட்டுகிறது. சூடானதும் நின்றுவிடுகிறது. பட்டறையில் கேட்டால் "புது எஞ்சின் அப்படித்தான், ஓட ஓட சரியாகிடும்" என்கிறார்கள்.

பதில்: ஓட ஓடத் தேயும், இடைவெளி கூடும். அது எப்படிச் சரியாகும்?

குளிரில் தட்டி, சூடானதும் நிற்பது பிஸ்டன் ஸ்லாப்பின், அதாவது பிஸ்டன் ஆடிச் சுவரில் தட்டுவதன், அடையாளம். பிஸ்டன் விரிந்து இடைவெளி குறைந்ததும் ஆட்டம் அடங்கிவிடுகிறது. இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, போர் பெரிதாகக் கடையப்பட்டிருக்கிறது. இன்னொன்று, பிஸ்டன் திருப்பிப் பூட்டப்பட்டிருக்கிறது. பல பிஸ்டன்களில் பின் நடுவில் இருக்காது, ஒரு மில்லிமீட்டர் போல ஒரு பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள், இந்தத் தட்டலைத் தவிர்க்கத்தான். தலையில் உள்ள அம்புக்குறி எஞ்சினின் முன்பக்கத்தை, டைமிங் பெல்ட் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சில்லென்ற எஞ்சினில் ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், எண்ணெய் அளவும் குறையாவிட்டால், பெரிய ஆபத்து இல்லை. ஐந்து நிமிடம் ஆகியும் கேட்கிறது என்றால் அளந்த தாளைக் கேளுங்கள். ஒவ்வொரு சிலிண்டரின் அளவும் எழுதி வைத்திருக்கிறார்களா? எழுதவில்லை என்றால் அளக்கவும் இல்லை.

ஃபோர்ஜ்டு (வார்க்காமல் அடித்துச் செய்த) பிஸ்டன் போட்டிருந்தால் கதை வேறு. அதற்கு இடைவெளியே கூடுதலாகக் கேட்பார்கள், சில வகைக்கு 0.08-க்கு மேலும் போகும், காலையில் கொஞ்சம் தட்டத்தான் செய்யும்.

கேள்வி (பிரிக்பீல்ட்ஸ்): காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு குப்பென்று நீலப் புகை. அப்புறம் நாள் முழுக்க இல்லை. ரீபோர் செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். வால்வு ஸ்டெம் சீல் (வால்வுத் தண்டு வழியாக எண்ணெய் இறங்காமல் தடுப்பது) பாருங்கள். இரவில் எண்ணெய் சொட்டிச் சேர்ந்து காலையில் எரிகிறது. சந்தேகம் தீர கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் அழுத்தம்) அளந்து, குறைவாக இருந்தால் ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

கேள்வி (செகாம்புட்): ரீபோர் செய்தால் சிசி கூடுமே, ரோட் டாக்ஸ் ஏறுமா? அதற்குப் பதில் ஹாஃப் கட் எஞ்சின் (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய வண்டியின் எஞ்சின்) வாங்கிப் போட்டால் என்ன?

பதில்: 75.5-லிருந்து 76-க்குப் போனால் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து 1468 சிசி 1488 ஆகும். 1401 முதல் 1600 வரை ஒரே படி, 90 ரிங்கிட். கவலை வேண்டாம். ஹாஃப் கட் எஞ்சினில் வேறொரு தலைவலி: எஞ்சின் எண் மாறும், ஜேபிஜேயில் (சாலைப் போக்குவரத்து இலாகா) மாற்றிப் பதிய வேண்டும், வாகனச் சோதனையும் உண்டு. ரீபோரில் பிளாக் உங்களுடையதே. மேலும் ஹாஃப் கட் எஞ்சினின் போர் எந்த நிலையில் இருக்கிறது என்று கழற்றாமல் தெரியாது. வாங்கினால் கம்ப்ரஷன் அளந்து பார்க்காமல் காசை நீட்டாதீர்கள்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): யமஹா எல்சி135 மோட்டார் சைக்கிளுக்கும் இதே போல 0.25, 0.50 ரீபோர் செய்யலாமா?

பதில்: அதன் சிலிண்டரில் இரும்பு ஸ்லீவ் (உள்ளே செருகிய குழாய்) இல்லை, சிலிக்கான் அதிகம் கலந்த அலுமினியம் அப்படியே சுவராக இருக்கிறது. வழக்கமான ரீபோர் அதற்கு ஒத்துவராது. பிளாக்கை மாற்றுங்கள், அல்லது ஸ்லீவ் போடத் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஹோண்டா இஎக்ஸ்5 என்றால் இரும்புச் சுவர், தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி (செந்தூல், இன்னொரு வாசகர்): மெஷின் ஷாப்பில் பிளாக்கைக் கழுவித்தான் கொடுத்தார்கள். பூட்டும் முன் மறுபடி கழுவ வேண்டுமா? பெட்ரோல் ஊற்றித் துடைத்தால் போதாதா?

பதில்: கட்டாயம் கழுவுங்கள், பெட்ரோலில் வேண்டாம். ஹோனிங் கல்லின் பொடி போரில் விழுந்த குறுக்குக் கோடுகளுக்குள் பதிந்திருக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் அந்தப் பொடியை இன்னும் உள்ளே தள்ளிவிடும். சுடுதண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு, நைலான் பிரஷ், இவ்வளவுதான். நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெள்ளைத் துணியில் எண்ணெய் தொட்டுச் சுவரைத் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் ஏறினால் மறுபடி கழுவுங்கள். துணி வெள்ளையாகவே வரும்வரை விடாதீர்கள். எண்ணெய்த் துவாரங்களுக்குள்ளும் பிரஷ் போக வேண்டும், இல்லாவிட்டால் போரில் தப்பிய பொடி பேரிங்கில் போய் உட்காரும்.

கழுவியதும் காற்றடித்து உலர்த்தி, உடனே எஞ்சின் எண்ணெய் பூசுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து பூசிக்கொள்ளலாம் என்று விட்டால், நம் ஊர் ஈரப்பதத்தில் போர் முழுக்கச் செம்மஞ்சள் துரு படர்ந்திருக்கும், அப்புறம் மறுபடி ஹோனிங் கடைக்குப் போக வேண்டியதுதான். எண்ணெய் பூசிய பிளாக்கைப் பெரிய பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். போரை அளக்க வேண்டும் என்றால் அதைக் கழுவி முடித்த பிறகு, பிளாக் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, பூசிய எண்ணெயை அளக்கும் இடத்தில் மட்டும் துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.